தள்ளி நின்றவர்

சுவரில் மாலையோடு தொங்கிய படத்தில் இருப்பவர் யாரென்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. படத்தை எப்படித் தயாரித்தார்கள் என்பதுதான் முதலில் தெரிந்தது. ஆதார் அட்டையிலிருந்து எடுத்து ஊதிப் பெரிதாக்கியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எவனோ ஒரு கடைக்காரன் அவசரத்தில் பின்னால் நீலத்தை ஊற்றி, காதோரம் வெட்டத் தெரியாமல் வெட்டி, மூக்குக்கும் கன்னத்துக்கும் எல்லையில்லாமல் மழுக்கி, கண்ணுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தான். நம்மிடம் வந்திருந்தால் இப்படியா செய்திருப்போம் என்று நினைத்தான். நினைத்த மறுகணம், இந்த வீட்டுக் கல்யாணத்தை எடுத்ததே நாம்தானே, ஐந்து மாதத்துக்கு முன்னால் நாலாயிரத்து முந்நூறு படம் எடுத்துக் கொடுத்தோமே, அதில் ஒன்றை மாட்டாமல் ஏன் ஆதார் அட்டைக்குப் போனார்கள் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் நேற்றே போனில் வந்துவிட்டது. அவன்தான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. "அண்ணே, நான் தமயந்தி பேசுறேன், ராஜபாளையம். தை மாசம் எங்க கல்யாணம் எடுத்தீங்கல்ல. அப்பா சித்திரையில தவறிட்டாகண்ணே. மார்வலிதான். ஆல்பத்துல அப்பா படம் ஒண்ணுகூட இல்ல. நீங்க வேண்டாம்னு ஒதுக்குனதுல எதுலயாவது இருக்காங்களான்னு பாக்கணும். எல்லாத்தையும் கொண்டாறீங்களா? நாளைக்கு ஒருநாள்தான் இருப்பேன், வீட்டக் காலி பண்ண பெங்களூர்ல இருந்து வந்திருக்கேன்." பெண்ணின் அப்பா படம் ஆல்பத்தில் இல்லாமல் இருக்குமா, பார்க்கத் தெரியாமல் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஹார்ட்டிஸ்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து வண்டியில் கிளம்பினான். வழியெல்லாம் ஆனி மாதக் காற்று முகத்தில் மண்ணை அடித்தது. ஒரு மணி நேர வேலை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்றிருந்தான்.

மில் தொழிலாளர் காலனியில் மூன்றாவது தெரு. ஒரே கூடம், அடுப்படி, பின்னால் ஒரு அறை. சாமான்களைக் கட்டி மூட்டையாக ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். கட்டாமல் விட்டிருந்தது சுவரில் இருந்த படத்தை மட்டும்தான். தமயந்தி பாயை விரித்து, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடிக்கணினியை அதன்மேல் வைக்கச் சொன்னாள். கல்யாணத்தன்று பார்த்த முகமாகவே தெரியவில்லை. அன்று அவன் பார்த்தது ஒப்பனையை, நெத்திச்சுட்டியை, விளக்கு விழுந்த இடது கன்னத்தை. "தாடையக் கொஞ்சம் இறக்கும்மா, மாப்பிள்ளையப் பாருங்க, சிரிப்பு போதாது" என்று சொல்லிச் சொல்லி எடுத்த முகம் எங்கேயோ போய்விட்டது. இது தூக்கமில்லாத, காதில் சின்னத் தோடு போட்ட, கையில் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறொரு பெண். படம் நம்பரைக் குறித்துக்கொள்வதற்காம். அடுப்படியிலிருந்து தமயந்தியின் பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "வாங்க தம்பி. மோர் தரட்டா, டீ போடட்டா? நீங்கதான அன்னிக்கு எங்கள உக்காரச் சொல்லி எந்திரிக்கச் சொல்லி பாடாப் படுத்துனது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளும் சிரித்த முகம், அவள் புருஷனும் சிரித்த முகம், இருவரையும் அவனுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள். அதனால் அவர்கள்தான் பெண்ணைப் பெற்றவர்கள் என்று அன்று முழுக்க நினைத்திருந்தான். இப்போதுதான், நாலாவது ஃபோல்டரைத் திறக்கும்போது, தமயந்தி போகிற போக்கில் சொன்னாள். "எனக்கு அம்மா கெடையாதுண்ணே, நான் எட்டாவது படிக்கிறப்பவே இறந்துட்டாங்க. பொண்டாட்டி இல்லாதவன் மணையில உக்காரக் கூடாதுன்னு அப்பா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உக்கார வச்சிட்டாக. யாரும் சொல்லல. அவுகளாத்தான் ஒதுங்கிக்கிட்டாக." பெரியம்மா மோர்ச் செம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தாரை வார்ப்பு, பாதபூசை, ஆசீர்வாதம், எல்லாவற்றிலும் அவளே இருந்தாள். "எந்தப் படத்தப் பாத்தாலும் என் மூஞ்சியாத்தான் இருக்கு. கொழுந்தன் எடத்துல நான் உக்காந்துக்கிட்டுப் பல்லக் காட்டுறேன்" என்றவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

முந்நூறு, ஐந்நூறு, எழுநூறு. படங்கள் ஓடின. அவனைக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் பேசியது மாப்பிள்ளையின் அண்ணன். அவர் ஒரு தாளில் பதினெட்டுப் பேர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். இவர்களை விட்டுவிடக் கூடாது, இவர் யூனியன் சேர்மன், இவர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி, இவர் மாப்பிள்ளையின் மேலதிகாரி, பெங்களூரிலிருந்து விமானத்தில் வருகிறார். ஆவுடையப்பன் ஒருவரையும் விடவில்லை. பதினெட்டுப் பேரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். சேர்மன் மட்டும் இருபத்திரண்டு படத்தில். அந்தத் தாளை எழுதியவரைத்தான் அவன் பார்ட்டி என்று நினைத்திருந்தான். பார்ட்டி என்றால் பேசியவர், போன் எடுப்பவர், "பிரமாதம்" என்று சொல்ல வேண்டியவர். இதோ பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் அன்று அவனுக்கு யார்? விளக்கு விழ வேண்டிய இடம். அவ்வளவுதான். தமயந்தி சேர்மனைப் பார்க்கவில்லை, சேர்மனின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். மேடையைப் பார்க்கவில்லை, மேடைக்கு ஓரமாக மண்டபத்துத் தூணைப் பார்த்தாள். ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள், பெரிதாக்கினான், தூணோரம் நின்றவர் வேறு யாரோ. "இல்ல, போங்கண்ணே." அடுத்தது. "போங்கண்ணே." பெண் வீட்டார் குடும்பப் படம் வந்தது. பத்தொன்பது பேர் மூன்று வரிசையாக நின்று சிரித்தார்கள். அதை அவன் சட்டென்று தள்ளிவிடப் பார்த்தான், விரல் ஏனோ ஒரு கணம் நின்றது. இந்தப் படத்தை எடுக்கும்போது இவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? அவளே சொல்லிவிட்டாள். "இதுக்குத்தாண்ணே, அப்பா பந்திக்குப் போயிருக்காக, கூப்பிட்டு வரட்டும்னேன். நீங்க, மாப்பிள்ள வீட்டாளுக காத்துக்கிட்டிருக்காங்கம்மா, அப்பாவ அப்புறம் தனியா எடுத்துக்கலாம்னீங்க." குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் எடுத்துக்கலாம். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற வார்த்தை. குழந்தை அழுதால், மாமா வண்டியை நிறுத்தப் போயிருந்தால், அத்தைக்குப் படியேற முடியாவிட்டால், அப்புறம். அப்புறம் என்ற ஒன்று கல்யாண வீட்டில் கிடையாது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? சாப்பாடு முடிந்ததும் விளக்கைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தெரிந்துதான் சொல்கிறான். கூட்டத்தை நகர்த்துவதற்கு அதைவிடச் சுலபமான வார்த்தை வேறு இல்லை. மோரை எடுத்துக் குடித்தான். உப்பு அதிகமாக இருந்தது, அல்லது வாய் அப்படி இருந்தது.

கடைசியில் ஒதுக்கிய படங்களின் ஃபோல்டருக்கு வந்தார்கள். அதன் பெயர் 'வேஸ்ட்'. திரையில் கொட்டை எழுத்தில் நின்றது. எல்லா ஸ்டுடியோக்காரனும் அப்படித்தான் பெயர் வைப்பான், அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் கிளம்பும்முன் மாற்றியிருக்கலாம் என்று தோன்றியது. தமயந்தி அதைப் படித்தாளா, படிக்கவில்லையா தெரியவில்லை. திறந்த ஏழாவது படத்திலேயே கையை நீட்டிவிட்டாள். "நில்லுங்க." மாலை மாற்றும் படம், வலது ஓரத்தில் யாருடைய முழங்கையோ குறுக்கே வந்து கெட்டுப்போனது. "இது அப்பா கை." அவன் உற்றுப் பார்த்தான். முழங்கை. சட்டையை மடித்துவிட்ட முழங்கை, அதற்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. "மில்லுல பட்டது" என்று சொல்லிவிட்டு நம்பரைத் தாளில் எழுதினாள். அதற்கப்புறம் அவர் வந்துகொண்டே இருந்தார். ஒரு காது. குனிந்து தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கும் முதுகு. இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே வாளியோடு போகும் இடுப்பு. கண்ணை மூடிய பக்கவாட்டு முகம், அதன்மேல் யாரோ ஒருத்தியின் தலைப்பூ. "காலர்ல பாருங்க, சட்டைப் பெட்டியில வர்ற பிளாஸ்டிக்க எடுக்கவே இல்ல. கழுத்த அறுத்திருக்கும். நான் கவனிக்கவே இல்ல" என்று சொன்னவளின் குரல் கொஞ்சம் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. அந்தக் காலரைப் பார்த்தபோதுதான் ஆவுடையப்பனுக்கு அவரைத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் வாளி. பந்தி ஆள் என்று நினைத்தானே, அவர். சமையல்காரரோடு வந்தவர் என்று நினைத்தானே. சுவரில் இருந்த நீலப் படத்தைத் திரும்பிப் பார்த்தான். இப்போது அதுவும் அவர்தான். பரமகுரு என்று கீழே எழுதியிருந்தது. பெயரைக்கூட இப்போதுதான் படிக்கிறான். அவரிடம் அவன் பேசியிருக்கிறான். ஒரே ஒரு தடவை. என்ன பேசினான் என்பது, நினைக்க வேண்டாம் என்று அவன் நினைப்பதற்குள், முழு வாக்கியமாக, சத்தத்தோடு, வந்து நின்றது.

வந்த வாக்கியத்தைத் திருப்பி அனுப்ப முடியாதா என்று அவன் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான். போன மாதம் புகைப்படக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியது வந்தது. "தொழில்ல நிக்கணும்னா பார்ட்டி கண்ணால பாக்கணும் நண்பர்களே, நம்ம கண்ணால பாக்கக் கூடாது." கைதட்டினார்கள். பார்ட்டி கண். பார்ட்டியின் கண் இதோ தூணோரத்திலும் தோளுக்குப் பின்னாலும் ஒரு முழங்கையைத் தேடிக்கொண்டிருக்கிறது. நினைப்பு அந்தக் கூட்டத்தை விட்டு வீட்டுக்குப் போனது. வீட்டுச் சுவர் முழுக்க மகள் படம். பிறந்தது, தவழ்ந்தது, மொட்டையடித்தது, ஒன்பதாம் வகுப்பு வெள்ளைத் தாவணி. பக்கத்தில் அவன் மனைவி ராஜேஸ்வரி. "எல்லாத்துலயும் நாங்க ரெண்டு பேருந்தான் இருக்கோம். ஒங்க அப்பா எங்கன்னு கேட்டா எந்தப் படத்தக் காட்டுவா இவ?" என்று ஒரு தீபாவளிக்கு அவள் கேட்டதும், "எடுத்தது யாருன்னு சொல்லு" என்று அவன் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. நாளைக்கே நமக்கு மார்வலி வந்தால் எதைப் பெரிதாக்குவார்கள்? சங்க அடையாள அட்டை. அதில் கண் பாதி மூடியிருக்கும். நெஞ்சின் இடப்பக்கம் ஏதோ இறுக்கியதுபோல இருந்தது. மோர்தான், வெறும் வயிற்றில் மோர். வியர்வை காதுக்குப் பின்னால் ஓடியது. இல்லை, இதெல்லாம் சுற்றி வளைத்துப் போவது. நெஞ்சில் இருப்பது மார்வலி இல்லை, ஒரு ஃபோல்டர். மேடைக்கு இடப்பக்கம் ஸ்டாண்டு போட்டு ஒரு கேமரா நிறுத்தியிருந்தான், சடங்கு முழுவதையும் விடாமல் பிடிப்பதற்கு. அதில் சத்தமும் பதிவாகும். வீடியோவைத் தொகுக்கும்போது சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டுவிடுவான், அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மூலப்பதிவு அப்படியே இருக்கிறது. இந்த டிஸ்கில் இருக்கிறது. 'வேஸ்ட்'டுக்கு நேர் கீழே இருக்கிறது. எல்லாத்தையும் கொண்டாங்க என்று அவள் கேட்டாள், எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறான்.

'வேஸ்ட்' முடிந்தது. தாளில் பதினான்கு நம்பர். ஒன்றில்கூட முழு முகம் இல்லை. தமயந்தி தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள், கடையில் வாங்க வேண்டியதைச் சரிபார்ப்பவள்போல. "வேற யாராச்சும் செல்போன்ல எடுத்திருப்பாங்களேம்மா" என்றான், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "கேட்டேண்ணே. செல்ல நீட்டாதீங்க, என் படம் கெடுதுன்னு நீங்க சத்தம் போட்டீங்கன்னு எல்லாம் உள்ள வச்சிட்டாங்களாம்." அதற்கும் அவள் குரலில் குற்றம் இல்லை. குற்றம் சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. திட்டினால், ஒரு வார்த்தை தடித்து வந்தால், அவனும் கொஞ்சம் எகிறலாம், அந்தச் சூட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். "படம்கூடப் பரவால்ல. குரலுதாண்ணே இல்ல. அப்பா பட்டன் போன்தான் வச்சிருந்தாக. தெனம் ராத்திரி பேசுவாக, சாப்பிட்டியா, கதவப் பூட்டுனியா, அவ்வளவுதான். ஒண்ணக்கூட நான் ரெக்கார்டு பண்ணி வைக்கல. இப்பல்லாம் குரல் எப்படி இருந்துச்சுன்னு நெனச்சா சட்டுனு வரமாட்டேங்குது. நேத்துப் பூரா உக்காந்து நெனச்சுப் பாத்தேன், வரல." சொல்லிக்கொண்டே திரையில் விரலை வைத்தாள். "இது என்ன ஃபோல்டரு? ஸ்டாண்டுன்னு போட்டிருக்கே." அவன் வாய் அவனைக் கேட்காமல் திறந்தது. "அது கரப்ட் ஆயிருச்சும்மா. தெறக்காது." சொல்லி முடித்ததும் மின்விசிறிச் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தமயந்தி தலையை ஆட்டினாள். "சரிண்ணே" என்றாள். பேனாவுக்கு மூடியைப் போட்டாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வயரைச் சுற்றிப் பைக்குள் வைக்க வேண்டியதுதான் பாக்கி. கரப்ட் ஆகாத ஹார்ட்டிஸ்க் உலகத்தில் உண்டா, யார் சோதிக்கப்போகிறார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம். அழித்தால் அந்த வாக்கியம் அவனைத் தவிர வேறு எங்கும் இருக்காது. அவனுக்குள்ளும் நாளாக நாளாகத் தேய்ந்துவிடும், எத்தனையோ தேய்ந்திருக்கிறது, எத்தனை மண்டபம், எத்தனை பேரைத் தள்ளு, நகரு, குனி என்றிருப்பான், ஒருவர் முகமாவது நினைவிருக்கிறதா? வயரில் கை வைத்தான். கை வைத்தபடியே இருந்தது. அவள் 'சரி' என்றது போகவில்லை. மறுதடவை கேட்கவில்லையே. வேறு யாராவது என்றால், எப்படிக் கரப்ட் ஆகும், காசு வாங்கினீங்கல்ல, கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்க, மாப்பிள்ளை அண்ணனைக் கூப்பிடவா என்று உலுக்கியிருப்பார்கள். இவளுக்கு உலுக்கத் தெரியவில்லை. அப்பா வரட்டும் என்றாள், அப்புறம் என்றதும் சரி என்றாள். திறக்காது என்றான், சரி என்கிறாள். இந்த வீட்டில் எல்லோருமே இப்படித்தான் போலிருக்கிறது. ஒருவர் தாமாகவே மணையை விட்டு ஒதுங்கினார், ஒருத்தி தானாகவே அடுப்படிக்குப் போய்விட்டாள், இவள் தானாகவே பேனாவை மூடுகிறாள். ஒரே ஒரு பொருளைக் கேட்டார்கள், அதுவும் அவன் கையில் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட்டான். குரல் வரமாட்டேங்குது என்றாளே. அந்தப் பதிவில் அவர் ஏதாவது பேசினாரா? அவனுக்கு அது ஞாபகமில்லை. தான் கத்தியது சொல் சொல்லாக ஞாபகமிருக்கிறது, அவர் என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா, எந்தப் பக்கம் போனார், ஒன்றும் தெரியவில்லை. அவர் வாய் திறந்திருக்காவிட்டால் இவளுக்குக் கிடைப்பது என்ன, அவன் கத்தல் மட்டும். திறந்திருந்தால்? "தமயந்தி" என்றான். பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. "அது கரப்ட் ஆகலம்மா. நான் பொய் சொல்லிட்டேன். அதுல சத்தத்தோட இருக்கு. உங்கப்பாவ நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கேன். யாருன்னு தெரியாமச் சொல்லிட்டேன்." தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாயா, யாரோ ஒருவர் என்றால் சொல்லலாமா என்று உள்ளே ஒன்று கேட்டது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. "போடுங்கண்ணே" என்றாள்.

தாரை வார்ப்பு. ஐயர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். மேளக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள். பெரியப்பாவின் கைமேல் பெண்ணின் கை, அதன் கீழ் மாப்பிள்ளை கை, பெரியம்மா செம்பைச் சாய்க்கிறாள். இடமிருந்து ஒரு வெள்ளை முதுகு மெதுவாக உள்ளே வந்து மேடையை மறைக்கிறது. திரை முழுக்க வெள்ளை. ஃபோகஸ் மேடைமேல் இருப்பதால் முதுகு வெறும் மூட்டமாகத் தெரிகிறது. மூன்று விநாடி, நான்கு விநாடி. அப்புறம் பக்கத்திலிருந்து, காதுக்குள் கத்துவதுபோல, ஆவுடையப்பனின் குரல். "யோவ் பெருசு, கண்ணு தெரியலயா? நந்தி மாதிரி குறுக்க நிக்கிற. வாளியத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போய்யா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாயின் கோரை ஒன்று பிரிந்து நின்றது, அதையே பார்த்தான். வெள்ளை மூட்டம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு, அவ்வளவுதான். ஆனால் கேமராவுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று அவர் பேசினார். மெல்லிய குரல், சளி கட்டிய, அவசரமில்லாத குரல். "சரி தம்பி, சரி தம்பி. பிள்ள மொகம் தெரியலயேன்னு வந்தேன். நீங்க எடுங்க." மூட்டம் விலகியது. மேடை பளிச்சென்று வந்தது. பெரியம்மா சிரித்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பெரியம்மா ஈரக் கையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு பேசுனது? கொழுந்தன் சத்தமில்ல கேட்டுச்சு." தமயந்தி தானாகவே பொத்தானை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். யோவ் பெருசு. சரி தம்பி. மறுபடி. யோவ் பெருசு. சரி தம்பி, சரி தம்பி. நாலாவது தடவை பெரியம்மா கீழே உட்கார்ந்து, தரையில் கையை ஊன்றி, "பிள்ள மொகம் தெரியலயேன்னு சொல்றாக பாரு, பாவி மனுசன், என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நகந்து குடுத்திருக்க மாட்டேனா" என்று சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். தமயந்தி அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவர் சொல்லும்போது கூடவே சொல்லிப் பார்க்கிறாள். ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிடுவதா, மன்னித்துக்கொள் என்பதா, எழுந்து போவதா என்று தெரியாமல் மூன்றுக்கும் நடுவே இருந்தான். கடைசியில் தொழில்தான் வாயில் வந்தது. "அம்மா, இத வீட்டுக்குக் கொண்டுபோய் என் சத்தத்த எடுத்துட்டு, ஐயா சத்தத்த மட்டும் கொஞ்சம் தூக்கி வச்சு, சுத்தமா அனுப்பிடுறேன். நாளைக்கே அனுப்பிடுறேன்." அவள் வேகமாகத் திரும்பினாள். அன்று காலையிலிருந்து அவள் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். "வேண்டாம்ண்ணே. உங்க சத்தத்த எடுத்துராதீங்க. எடுத்துட்டா அப்பா எதுக்குச் சரி சரிங்கிறாகன்னு தெரியாமப் போயிரும்." கோபமா என்று அவன் அவள் முகத்தில் தேடினான். இருந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பான். அவள் செல்போனை நீட்டினாள், இதில் இப்போதே போட்டுக் கொடுங்கள் என்று. அவன் கத்துவதிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுக் கொடுத்தான். என்ன பெயர் வைக்க என்று கேட்டான். "அப்பான்னு வைங்க." தட்டினான். முதலில் அவன் பேசுகிற பதிவுக்கு அப்பா என்று பெயர்.

சாப்பிட்டுவிட்டுப் போங்க தம்பி என்று பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். இல்லம்மா, வேல கெடக்கு என்றான். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது; தெருவில் ஒரு ஆள் இல்லை, எதிர்வீட்டு வாசலில் ஒரு நாய் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. வண்டி சீட்டு தொட முடியாமல் சுட்டது. சாவியைப் போட்டான், திருகவில்லை. உள்ளேயிருந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாக, செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் இன்னும் கூர்மையாகி, அவன் குரல் தெருவுக்கு வந்தது. இந்தத் தெருக்காரர்கள் யாராவது கேட்டால் யார் இவன் என்று கேட்பார்கள். அவள் பெங்களூருக்குக் கொண்டுபோவாள், அங்கே கேட்பாள், அவள் புருஷன் கேட்பான், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் தாத்தா எப்படிப் பேசுவார் என்று அது கேட்கும்போது முதலில் இவன்தான் பேசுவான், ஒவ்வொரு தடவையும், இவன் செத்த பிறகும். அவர் பேசி முடிக்கட்டும், அப்புறம் வண்டியை எடுக்கலாம் என்று நின்றான். சரி தம்பி, சரி தம்பி. பிள்ள மொகம் தெரியலயேன்னு வந்தேன். நீங்க எடுங்க. சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனான். உள்ளே மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள்.